ஐ.நா. பொதுச் சபை வாக்குகளைக் கொண்டு ஒரு நாட்டின் வெளியுறவு நிலைப்பாட்டை ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

அரசியல் அறிவியலோ சர்வதேச உறவுகளோ படிப்பவர்கள் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் தரவுகளில் ஒன்று ஐ.நா. பொதுச் சபையின் வாக்குப் பதிவு. இலவசமாகக் கிடைக்கிறது. 1946 முதல் நாடுவாரியாக இருக்கிறது. விரிதாளில் திறந்து படிக்கலாம்.

இந்த வசதியே புதியவர்களை இடறவும் வைக்கிறது. கோப்பைத் திறந்ததும் இரண்டு நாடுகளை எடுத்து விழுக்காடு போட்டுவிடுகிறார்கள். எண் வந்துவிடும், அது எதை அளந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கணக்குப் போடும் முன்பே எடுத்துவிட வேண்டிய முடிவுகள் பல உண்டு. அவற்றின் வரிசையும் முக்கியம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். 2022 முதல் உக்ரைன், பாலஸ்தீனம் குறித்து வந்த தீர்மானங்களில் இந்தியா அளித்த வாக்குகளை நெடுக எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

## தொடங்கும் முன் வேண்டியவை

விரிதாள் மென்பொருள் ஒன்று. எக்செல், லிபரே ஆபிஸ் எதுவானாலும் சரி. பத்து இருபது தீர்மானங்களை ஆராய அதுவே போதும். எழுபது ஆண்டுத் தரவை எடுப்பவர்களுக்கு ஆர் அல்லது பைத்தான் நிரல் மொழி வேண்டும்.

ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் தளத்தில் எரிக் வூட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் வைத்திருக்கும் பொதுச் சபை வாக்குத் தரவு. துறையில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது இதைத்தான். உங்கள் முடிவைப் பிறர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஐ.நா.வின் மின் நூலகம். தீர்மானத்தின் முழு உரை, நாடுவாரி வாக்கு, கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவு மூன்றும் அங்கே கிடைக்கும். டேட்டாவெர்ஸ் கோப்பில் எண்கள் மட்டுமே இருக்கும். என்ன பேசினார்கள் என்பது இங்கேதான்.

பிறகு ஒரு நோட்டு. எந்த வாக்கைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று தேதியிட்டு எழுத. ஆய்வு நெறியாளரோ கட்டுரையை மதிப்பிடுபவரோ முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

## 1. தரவைத் திறக்கும் முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்தியா யார் பக்கம்?" என்பது தேநீர்க் கடைக் கேள்வி. ஆய்வுக் கேள்வியில் எந்த நாடு, யாரோடு ஒப்பீடு, எந்தக் காலம், எந்தப் பொருள் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

"2022 மார்ச் முதல் 2023 பிப்ரவரி வரை, உக்ரைன் போர் குறித்துப் பொதுச் சபையின் 11-வது அவசரச் சிறப்பு அமர்வு நிறைவேற்றிய முதல் ஆறு தீர்மானங்களில், இந்தியாவின் வாக்கு அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றின் வாக்குகளோடு எந்த அளவு ஒத்துப்போனது?" இதற்கு விடை காண முடியும்.

தரவைத் திறந்த பிறகு கேள்வியை எழுதினால், கண்ணில் படும் வாக்குகளுக்குத் தக்கபடி கேள்வி வளைந்துவிடும். நாம் முன்பே நம்பியதை மெய்ப்பிக்கும் வாக்குகளையே கை தேடும். அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன். கேள்வியின் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: என்ன விடை வந்தால் என் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வேன்?

கேள்வியில் "ஏன்" இருக்கிறதா என்றும் பாருங்கள். வாக்குத் தரவு "என்ன" என்பதற்குப் பதில் சொல்லும். "ஏன்" என்பதற்கு அது மட்டும் போதாது. 8, 9-ஆம் படிகள் அதற்காகவே.

## 2. எந்த அவை, எந்த வகை வாக்கு என்று எல்லை போடுங்கள்

ஐ.நா.வில் வாக்கெடுப்பு பல இடங்களில் நடக்கிறது. பாதுகாப்பு கவுன்சிலில் 15 நாடுகள், அவற்றில் ஐந்துக்கு வீட்டோ. மனித உரிமைகள் கவுன்சிலில் 47 நாடுகள். பொதுச் சபையில் 193 நாடுகள், எவருக்கும் வீட்டோ இல்லை. இவற்றை ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. வீட்டோ வரும் என்று தெரிந்து அளிக்கும் வாக்கும், 193 பேரில் ஒருவராக அளிக்கும் வாக்கும் ஒரே கணக்கில் அளிக்கப்படுவதில்லை.

2022 பிப்ரவரி 25 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் உக்ரைன் வரைவுத் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவளித்தன. ரஷ்யா வீட்டோ செய்தது. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் விலகி நின்றன. சில நாள்களில் விவகாரம் பொதுச் சபைக்குப் போனது. இரண்டு இடத்திலும் இந்தியா விலகியது உண்மை. ஆனால் அவை இரண்டு தனித்தனிப் பதிவுகள்.

பொதுச் சபைக்குள்ளேயும் கவனம் வேண்டும். அக்டோபர், நவம்பரில் ஆறு முதன்மைக் குழுக்களில் ஒருமுறை வாக்கெடுப்பு நடக்கும். அதே தீர்மானம் டிசம்பர் வாக்கில் முழு அவைக்கு வந்து மீண்டும் வாக்குக்குப் போகும். செய்திகளிலிருந்து தகவல் திரட்டுபவர்கள் ஒரே தீர்மானத்தை இரண்டாக எண்ணிவிடுவது வழக்கமான பிழை. முழு அவை வாக்கை மட்டும் வையுங்கள்.

திருத்தங்கள் மீதும் தனிப் பத்திகள் மீதும் தனி வாக்கெடுப்பு நடப்பதுண்டு. அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு, ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 27 அன்று காசா போர் குறித்த தீர்மானத்தில் இந்தியா விலகி நின்றது. அதற்குச் சற்று முன், ஹமாஸைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் கனடாவின் திருத்தத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. திருத்தத்துக்கு ஆதரவு 88, எதிர்ப்பு 55, விலகல் 23. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. திருத்த வாக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கியிருந்தால், இந்தியா ஏன் விலகியது என்பதற்கான மிக நல்ல துப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்று. பொதுச் சபைத் தீர்மானங்களில் பெரும்பாலானவை வாக்கெடுப்பே இல்லாமல் இசைவோடு நிறைவேறுகின்றன. அவை இந்தத் தரவில் வருவதில்லை. ஆகவே "இரு நாடுகளும் 30 விழுக்காடுதான் ஒத்துப்போகின்றன" என்று எழுதும்போது, வாக்கெடுப்புக்குப் போன சர்ச்சைகளில் மட்டும் 30 விழுக்காடு என்று சேர்த்து எழுதுங்கள்.

## 3. தரவை இறக்கி, கையால் சரிபாருங்கள்

டேட்டாவெர்ஸ் கோப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. இறக்கியவுடன் பதிப்பு எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

ஆர் மொழியில் "அன்வோட்ஸ்" என்றொரு தொகுப்பு உண்டு. கற்றுக்கொள்ள மிக வசதியானது. ஆனால் எந்த ஆண்டோடு நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அண்மைக் கால ஆய்வுக்கு அது போதாது.

அடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில வாக்குகளை மின் நூலகத்தோடு ஒப்பிடுங்கள். 2022 மார்ச் 2 தீர்மானத்தில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. கூட்டினால் 181. மொத்தம் 193 நாடுகள். மீதி 12 எங்கே என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். அந்த 12 நாடுகள் வாக்கே பதிவு செய்யவில்லை. இந்தக் கூட்டல் சரியாக வராவிட்டால், கோப்பை இணைக்கும்போது எங்கோ வரிசைகள் தவறிவிட்டன என்று பொருள்.

அன்றைய அறிவிப்பும் இறுதிப் பதிவும் மாறுபடுவதுண்டு. 2023 அக்டோபர் 27 தீர்மானத்தின் முடிவு முதலில் 120–14–45 (ஆதரவு–எதிர்ப்பு–விலகல்) என்று அறிவிக்கப்பட்டது. இராக்கின் வாக்கு திருத்தப்பட்டபின் 121–14–44 ஆனது. மறுநாள் செய்தித்தாளிலிருந்து எடுத்தவரின் கணக்கும் பதிவிலிருந்து எடுத்தவரின் கணக்கும் ஒன்று தள்ளி நிற்கும். பதிவையே நம்புங்கள்.

ஆண்டைக் கணக்கிடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. பொதுச் சபை அமர்வு செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு செப்டம்பரில் முடியும். 77-வது அமர்வு 2022 செப்டம்பரில் தொடங்கியது. அமர்வு எண்ணை வைத்து ஆண்டு போட்டால், 2023-இல் நடந்த வாக்குகள் 2022-இன் கீழ் வந்துவிடும். வாக்கெடுப்புத் தேதியையே பயன்படுத்துங்கள்.

## 4. நாடுகளின் வரிசையைச் சீர்செய்யுங்கள்

நீண்ட காலத் தரவை எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் எல்லாமே தவறாகும். பெயரை நம்பாமல் நாட்டுக் குறியீட்டை வைத்து இணையுங்கள். துருக்கி, மியான்மர், எஸ்வாட்டினி என்று பெயர் மாறிய நாடுகள் பல. இலங்கையே 1955-இல் சிலோன் என்ற பெயரில்தான் உறுப்பினரானது.

பெயர் மாறாமல் ஆள் மாறிய இடங்கள் இன்னும் ஆபத்தானவை. 1971 அக்டோபர் 25 வரை சீனாவின் இருக்கையில் இருந்தது தைவானில் இருந்த சீனக் குடியரசு அரசு. அதன் பிறகே மக்கள் சீனக் குடியரசு. இரண்டையும் ஒரே கோடாக வரைந்தால் 1971-இல் "சீனாவின் வெளியுறவுக் கொள்கை தலைகீழானது" என்று வரைபடம் சொல்லும். மாறியது அரசு.

தென்னாப்பிரிக்கா 1974 முதல் 1994 வரை பொதுச் சபை அலுவல்களில் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த இடைவெளியைத் தென்னாப்பிரிக்காவின் மௌனம் என்று வாசிக்கக் கூடாது. இரு ஜெர்மனிகளும் 1973-இல் தனித்தனியே சேர்ந்து 1990-இல் ஒன்றாயின. 1964-இல் தொடங்கிய 19-வது அமர்வில், நிலுவைத் தொகை தகராறால் வாக்கெடுப்புகளே ஏறத்தாழ நடக்கவில்லை. அந்த ஆண்டுக்குச் சராசரி போடுவதில் அர்த்தமில்லை.

அண்மைக் காலத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 2022 மார்ச் 2 அன்று மியான்மரும் ஆப்கானிஸ்தானும் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவளித்தன. மியான்மர் ராணுவ ஆட்சியும் தாலிபானும் ரஷ்யாவைக் கண்டித்தனவா? இல்லை. அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் கவிழ்க்கப்பட்ட அரசுகள் நியமித்த பிரதிநிதிகள். இத்தகைய நாடுகளை விட்டுவிடுவது, அல்லது தனியே குறித்துக் காட்டுவது நல்லது.

## 5. வாக்கைக் குறியீடாக்குங்கள்: நான்கு நிலைகள், இரண்டல்ல

ஆதரவு, எதிர்ப்பு, விலகல், வாக்குப் பதிவின்மை. இந்த நான்கையும் கடைசி வரை தனித்தனியே வைத்திருங்கள். பின்னால் சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். முதலிலேயே சேர்த்துவிட்டால் பிரிக்க முடியாது.

டேட்டாவெர்ஸ் கோப்பில் ஆதரவு 1, விலகல் 2, எதிர்ப்பு 3, வராமை 8, உறுப்பினர் அல்ல 9. இவை வெறும் அடையாள எண்கள். ஒரு நெடுவரிசை முழுவதற்கும் சராசரி போட்டு, அதிகம் வராத சிறு தீவு நாட்டை "மிகக் கடுமையான எதிர்ப்பாளர்" ஆக்கிவிடும் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 8-ஐயும் 9-ஐயும் முதலில் வெற்றிடமாக மாற்றுங்கள்.

விலகலும் பதிவின்மையும் ஒன்றல்ல. விலகும் நாடு அவையில் இருந்து, பொத்தானை அழுத்தி, தன் விலகலைப் பெயரோடு பதிவு செய்கிறது. வராத நாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆள் பற்றாக்குறை இருக்கலாம், யாரையும் பகைக்க விரும்பாமல் வெளியே போயிருக்கலாம், வாக்குரிமையே இல்லாமலும் இருக்கலாம். சந்தா நிலுவை இரண்டு ஆண்டுத் தொகையை எட்டினால் ஐ.நா. சாசனத்தின் 19-வது பிரிவின்படி வாக்குரிமை போய்விடும். 2022-இல் வெனிசுவேலா அந்த நிலையில் இருந்தது. பட்டியலில் அதன் பெயர் இல்லாததை மேற்குலகுக்குச் சாதகமான மௌனம் என்று எழுதினால் முற்றிலும் தவறு.

தமிழ்ச் செய்திகளில் "வாக்கெடுப்பைப் புறக்கணித்தது", "பங்கேற்கவில்லை" என்ற தொடர்கள் இந்த இரண்டுக்குமே வருகின்றன. அவற்றை வைத்துக் குறியீடு போடாதீர்கள்.

அவை விதிகளில் விலகலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. விலகியவர்கள் "வாக்களித்தவர்" கணக்கில் வரமாட்டார்கள். கனடாவின் திருத்தத்தில் 88-உடன் 55-ஐக் கூட்டினால் 143, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 96 வாக்குகள் வேண்டும். விலகிய 23 நாடுகள் கணக்கிலேயே இல்லை. ஆகவே விலகல் நிறைவேற்றத்துக்கு உதவுவதும் உண்டு. எப்போதும் "பாதி எதிர்ப்பு" என்று எடுத்துக்கொள்ள முடியாது.

## 6. ஒப்புமையை அளக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். கட்டுரையின் முடிவு பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. நம் கேள்விக்குரிய ஆறு தீர்மானங்கள் இவை:

| நாள் | பொருள் | இந்தியா | சீனா | ரஷ்யா | அமெரிக்கா |
|---|---|---|---|---|---|
| 2022 மார்ச் 2 | ஆக்கிரமிப்புக்குக் கண்டனம் | விலகல் | விலகல் | எதிர்ப்பு | ஆதரவு |
| 2022 மார்ச் 24 | மனிதாபிமான விளைவுகள் | விலகல் | விலகல் | எதிர்ப்பு | ஆதரவு |
| 2022 ஏப்ரல் 7 | மனித உரிமைகள் கவுன்சிலில் ரஷ்யா இடைநீக்கம் | விலகல் | எதிர்ப்பு | எதிர்ப்பு | ஆதரவு |
| 2022 அக்டோபர் 12 | நிலப்பகுதி இணைப்பை ஏற்காமை | விலகல் | விலகல் | எதிர்ப்பு | ஆதரவு |
| 2022 நவம்பர் 14 | இழப்பீடு | விலகல் | எதிர்ப்பு | எதிர்ப்பு | ஆதரவு |
| 2023 பிப்ரவரி 23 | நீதியான, நீடித்த அமைதி | விலகல் | விலகல் | எதிர்ப்பு | ஆதரவு |

முதல் வழி, அப்படியே ஒத்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்தியா–சீனா ஒப்புமை 6-இல் 4, அதாவது 67 விழுக்காடு. இந்தியா–ரஷ்யா 0. இந்தியா–அமெரிக்கா 0.

இரண்டாவது வழி, விலகலை நடுப்புள்ளியாக வைத்து, ஒரு பக்கம் விலகலும் மறுபக்கம் ஆதரவோ எதிர்ப்போ இருந்தால் அரை மதிப்பெண். இப்போது இந்தியா–சீனா 83, இந்தியா–ரஷ்யா 50, இந்தியா–அமெரிக்கா 50.

மூன்றாவது வழி, விலகல்களை நீக்கிவிட்டு ஆதரவையும் எதிர்ப்பையும் மட்டும் எண்ணுவது. இந்தியாவுக்கு ஒரு வாக்குகூட மிஞ்சாது. விடையே இல்லை.

ஒரே தரவு. முதல் வழியில் "ரஷ்யாவோடு இந்தியா ஒருமுறைகூட நிற்கவில்லை" என்று தலைப்புப் போடலாம். இரண்டாவது வழியில் "இரு வல்லரசுகளுக்கும் சம தூரம்" என்று போடலாம். மூன்றாவது வழியில் தலைப்பே கிடையாது. எந்த வழி சரி என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. விலகலே ஒரு கொள்கை என்று கருதும் ஆய்வுக்கு முதல் வழி. விருப்பத்தின் அளவை அளக்கும் ஆய்வுக்கு இரண்டாவது. விலகல் அதிகமுள்ள நாடுகளுக்கு மூன்றாவது வழி உதவாது.

புதியவர்களுக்கு என் பரிந்துரை: முதல் இரண்டு வழிகளிலும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். இரண்டிலும் நிலைக்கும் முடிவை உறுதியாக எழுதலாம். இங்கே அப்படி நிலைப்பது எது? மூன்று நாடுகளில் இந்தியாவுக்கு மிக நெருக்கமான வாக்கு சீனாவுடையது என்பது. எல்லையில் படைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த காலத்தில் இந்த விடை வருகிறது என்பதையும் கவனியுங்கள். வாக்கு ஒத்துப்போவதும் இரு நாடுகள் நட்பாக இருப்பதும் வேறு வேறு.

துறையில் இவற்றை மேம்படுத்திய அளவீடுகள் உண்டு. சிக்னோரினோவும் ரிட்டரும் 1999-இல் முன்வைத்த "எஸ்" மதிப்பெண் அவற்றில் பரவலானது. தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பைக் கழித்துப் பார்க்கும் காப்பா வகை அளவீடுகளும் இருக்கின்றன. கையால் கணக்கிட்டுப் புரிந்துகொண்ட பின் அவற்றுக்குப் போங்கள்.

## 7. நிகழ்ச்சி நிரல் மாறியதா, நாடு மாறியதா?

இப்போது இன்னொரு தொகுப்பைப் பார்ப்போம். பாலஸ்தீனம் குறித்த 10-வது அவசரச் சிறப்பு அமர்வில் 2023 அக்டோபர் 27, 2023 டிசம்பர் 12, 2024 மே 10, 2024 செப்டம்பர் 18 ஆகிய நாள்களில் நிறைவேறிய நான்கு தீர்மானங்கள். இந்தியாவின் வாக்கு முறையே விலகல், ஆதரவு, ஆதரவு, விலகல். அமெரிக்கா நான்கிலும் எதிர்ப்பு, ரஷ்யா நான்கிலும் ஆதரவு.

அரை மதிப்பெண் வழியில் இந்தியா–ரஷ்யா 75, இந்தியா–அமெரிக்கா 25. உக்ரைன் தொகுப்பில் இரண்டும் 50 என்றுதான் பார்த்தோம். பத்துத் தீர்மானங்களையும் கலந்தால் ரஷ்யாவோடு 60, அமெரிக்காவோடு 40.

ஓர் ஆண்டில் பாலஸ்தீனத் தீர்மானங்கள் அதிகம் வந்தால், இந்தியா ஓர் அங்குலம்கூட நகராமலே அமெரிக்காவிடமிருந்து விலகியதாக எண் காட்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆண்டுவாரி விழுக்காட்டுக் கோடு வரைந்து "உறவு சரிந்தது" என்று எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இதற்கு மூன்று தீர்வுகள். பொருள்வாரியாகப் பிரித்துத் தனித்தனியே அளப்பது எளியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே உரையோடு திரும்பி வரும் தீர்மானத்தை மட்டும் தொடர்வது இரண்டாவது. கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு எதிரான தீர்மானம் 1992 முதல் வாக்கெடுப்புக்கு வருகிறது. 2016-இல் அமெரிக்காவே விலகி நிற்க, 191–0–2. 2024-இல் 187–2–1. 2025-இல் 165–7–12. உரை பெரிதாக மாறாதபோது எண்ணிக்கை இவ்வளவு இறங்கினால், மாறியவை நாடுகள் அல்லது அவற்றின் மீதான அழுத்தம் என்று துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது, நிலைப்புள்ளி மதிப்பீடு. இப்படித் திரும்பி வரும் தீர்மானங்களைப் பாலமாகக் கொண்டு, நிகழ்ச்சி நிரலின் ஏற்ற இறக்கத்தைக் கழித்து, ஒவ்வொரு நாட்டையும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் புள்ளியியல் முறை அது. பெய்லி, ஸ்ட்ரெஷ்னெவ், வூட்டன் மூவரும் 2017-இல் வெளியிட்ட இந்த மதிப்பீடுகள் டேட்டாவெர்ஸில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும்போது பிழை எல்லையையும் சேர்த்து வரையுங்கள். அது ஒரே ஒரு பரிமாணத்தைத்தான் அளக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இரு நாட்டு ஒப்புமையில் நகர்வது யார் என்றும் பாருங்கள். 2025 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் குறித்த தீர்மானத்தில் அமெரிக்கா ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. இந்தியா வழக்கம்போல் விலகியது. அமெரிக்கா–ரஷ்யா ஒப்புமை 0-இலிருந்து எழுந்தது. இந்தியா–அமெரிக்கா அரை மதிப்பெண் அசையவில்லை. ஆனால் இப்போது அந்த அரை மதிப்பெண்ணின் பொருளே வேறு: முன்பு கண்டனத்தில் சேராத நாடு, இப்போது கண்டனத்தைக் கைவிட்ட அமெரிக்காவோடும் சேராத நாடு.

## 8. தீர்மானத்தையும் வாக்கு விளக்க உரையையும் வாசியுங்கள்

விரிதாளை மூடிவிட்டு வாசிக்க வேண்டிய கட்டம் இது. ஒவ்வொரு தீர்மானத்திலும் செயற்பத்திகளைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்: யாரைக் கண்டிக்கிறது, எதைக் கோருகிறது, எந்த அமைப்பை உருவாக்குகிறது. ஒரே விவகாரம் குறித்த இரு தீர்மானங்கள் கேட்பது ஒன்றாக இருக்காது.

இதற்கு நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு, இலங்கை குறித்து மனித உரிமைகள் கவுன்சிலில் வந்த தீர்மானங்கள். அது வேறு அவை என்பதால் மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை. 2012-இலும் 2013-இலும் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2014-இல் விலகியது. எண்ணை மட்டும் பார்த்தால் ஓராண்டில் நிலைப்பாடு மாறிவிட்டது. உரையைப் பார்த்தால், 2012 தீர்மானம் இலங்கையே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளைச் செயல்படுத்தக் கேட்டது. 2014 தீர்மானம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் விசாரணையைக் கோரியது. கேட்கப்பட்டது மாறியிருக்கிறது. இந்தியா மாறியதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பிறகு வாக்கு விளக்க உரை. வாக்குக்கு முன்போ பின்போ நாடுகள் தங்கள் காரணத்தைப் பேசும். கூட்டப் பதிவில் முழுதும் இருக்கும். 2022 மார்ச் 2 அன்று இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ். திருமூர்த்தி, கார்கிவில் இந்திய மாணவர் கொல்லப்பட்டதையும், சிக்கியிருந்த மாணவர்களுக்குப் பாதுகாப்பான வழி வேண்டும் என்பதையும் முன்வைத்தார். இந்த உரையை அப்படியே காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த அரசும் எல்லாக் காரணங்களையும் மேடையில் சொல்லாது. ஆனால் சொல்லத் தேர்ந்தெடுத்தது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்பது தரவுதான். மாணவர்கள் ஊர் திரும்பிய பின்னும் விலகல் தொடர்ந்ததால், அந்தக் காரணம் மட்டும் போதாது என்று இப்போது உங்களால் காட்ட முடியும்.

## 9. உங்கள் விளக்கத்துக்குப் போட்டியான விளக்கங்களைச் சோதியுங்கள்

ஒரு காரணம் பொருந்துகிறது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. இலங்கை எடுத்துக்காட்டையே தொடர்வோம். தமிழ்நாட்டு அரசியல் அழுத்தமே இந்திய வாக்கைத் தீர்மானிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். 2013 மார்ச் 19-இல் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து விலகியது. மார்ச் 21-இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. பொருந்துவதுபோல் இருக்கிறது.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, தி.மு.க. கூட்டணியில் இருந்தபோதே, இந்தியா ஆதரவாகத்தான் வாக்களித்திருந்தது. ஆகவே 2013 வாக்குக்கு தி.மு.க.வின் வெளியேற்றத்தைக் காரணமாகக் காட்ட முடியாது. 2014-இல் இரண்டு ஒரே நேரத்தில் மாறின. கூட்டணி அழுத்தம் இல்லாமல் போனது, தீர்மானத்தின் உரையும் கடுமையானது. ஒரு வாக்கை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அப்போது இன்னொரு பதிவைத் தேட வேண்டும். 2021 மார்ச் 23 வாக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இந்தியா விலகியது. தேர்தல் அழுத்த விளக்கம் மட்டும் உண்மையானால் இங்கே ஆதரவு வந்திருக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொரு விளக்கத்துக்கும், "இது சரியென்றால் வேறெங்கே என்ன காண வேண்டும்?" என்று கேட்டு, அங்கே போய்ப் பாருங்கள். உக்ரைன் விலகல்களுக்கு ராணுவத் தளவாடச் சார்பு காரணம் என்று நினைக்கிறீர்களா? ரஷ்யத் தளவாடம் அதிகம் வாங்கும் பிற நாடுகள் எப்படி வாக்களித்தன என்று பாருங்கள். அண்டை நாட்டுச் சூழல் காரணமா? மார்ச் 2 அன்று பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை விலகின. நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆதரவளித்தன. தெற்காசியா என்ற ஒரு சொல்லால் இதை விளக்க முடியாது.

## 10. எழுதும்போது

முறையியல் பகுதியை முடிவுகளுக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதினால் தேர்வுகள் எல்லாம் இயல்பாகவே அமைந்தவைபோல் தோன்றும். தரவின் பதிப்பு, அவை, காலம், சேர்த்த வாக்குகளின் எண்ணிக்கை, திருத்த வாக்குகளை என்ன செய்தீர்கள், விலகலுக்கும் வராமைக்கும் என்ன மதிப்பு, எந்த நாடுகளை விட்டீர்கள். இவை ஒரு பக்கத்தில் அடங்கும்.

"இந்தியா ரஷ்யாவை ஆதரிக்கிறது" என்று எழுத வேண்டாம். "இந்த ஆறு வாக்குகளிலும் இந்தியா விலகியது" என்று எழுதுங்கள். பொதுச் சபைத் தீர்மானங்கள் பொதுவாக உறுப்பு நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. வாக்கு என்பது அரசு பொதுவெளியில் எடுத்த நிலை. எண்ணெய் வாங்கியதும் ஆயுதம் வாங்கியதும் தனித் தரவுகள். அவற்றை வாக்கிலிருந்து ஊகிக்காமல் நேராகத் தேடி எடுங்கள்.

கடைசியாக, விரிதாளையோ நிரலையோ கட்டுரையோடு சேர்த்து வெளியிடுங்கள். அதற்கு முன் உங்கள் நோட்டை மட்டும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, மூலக் கோப்பிலிருந்து அதே எண்களை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று உங்களைக் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் முறையியல் பகுதியில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதிச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.